நைலானா, ரேடியலா: சாத்தம் ஜெட்டியைக் கடக்கும் லாரிகளுக்கு எது உழைக்கும்?

ஓதம் வற்றிய நேரத்தில் சாத்தம் ஜெட்டியில் ஃபெரியின் இரும்புப் பலகை நல்ல சரிவாகிவிடும். எதிர்க்கரையிலுள்ள பாம்பூஃபிளாட்டிலிருந்து வரும் டிப்பர் லோடோடு அந்தச் சரிவில் ஏறும்போது அதன் பின்சக்கரங்களைக் கவனிக்க வேண்டும். நைலான் டயர் போட்ட வண்டி என்றால் அடிப்பரப்பின் ரப்பர்க் கட்டியான பட்டன் ஒவ்வொன்றும் நெளிந்து, இரும்பைத் தேய்த்துக்கொண்டே நகரும். ரேடியல் போட்ட வண்டி என்றால் டயரின் பக்கம் பிதுங்கும். ஆனால் தரையைத் தொடும் பரப்பு அசையாமல் படிந்து கிடக்கும். ஒரே லோடு, ஒரே சரிவு, ஒரே ஈரம். டயர் மட்டும் இரண்டு விதமாக வேலை செய்கிறது. அந்தமானில் லாரி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

போர்ட் பிளேயர் என்று நாம் பழகிய, 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரோடு பாலத்தால் இணைந்த சிறு தீவு சாத்தம். ஒரு பக்கம் 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை, இன்னொரு பக்கம் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெரி. இங்கே ஓடும் டயர் எதுவும் இங்கே பிறந்ததல்ல. இந்தியாவின் டயர்த் தொழிலில் ஒரு பெரும் பங்கு சென்னையைச் சுற்றி இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே., தேர்வாய்க் கண்டிகையில் மிஷெலின் என்று வரிசையாக ஆலைகள். அங்கிருந்து ஒரு டயர் சாத்தம் வரவேண்டுமானால் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்ட வேண்டும். கப்பலுக்கு மூன்று நாள். கப்பல் தவறினால் அடுத்த கப்பல். ஆகவே நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ இருக்கும் லாரிக்காரர் போடும் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது. அங்கே டயர் வெடித்தால் மாலைக்குள் வேறு டயர் கிடைக்கும். இங்கே அந்த உத்தரவாதம் இல்லை.

இரண்டும் எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி விவகாரம் தெளிந்துவிடும். நைலான் டயரில் ரப்பர் பூசிய நைலான் கேன்வாஸ் பல படுகைகளாக, ஒன்றின் குறுக்கே ஒன்று சாய்வாக ஓடும். அடிப்பரப்பிலிருந்து பக்கச்சுவர் வரை அதே படுகைகள்தான். அதனால் டயர் முழுவதும் ஒரே உடம்பு. பக்கச்சுவர் தடிமனாக, விறைப்பாக இருக்கும். ஆனால் சக்கரம் சுழலும்போது குறுக்குப் படுகைகள் ஒன்றோடொன்று உரசும், உரசல் சூடாகும், சூடு ரப்பரைத் தின்னும். பக்கம் வளைந்தால் அடிப்பரப்பும் சேர்ந்து நெளியும். ஃபெரி பலகையில் பட்டன் நெளிவதன் காரணம் இதுதான்.

ரேடியலில் வேலை பிரிந்துவிடுகிறது. பக்கச்சுவரில் எஃகு இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக, ஒரே படுகையாக ஓடும். பட்டனுக்கு அடியில் மட்டும் மூன்று நான்கு எஃகுப் பட்டைகள் டயரைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும். பக்கம் விருப்பம்போல் வளையலாம், அடிப்பரப்பு அசையாது. 1946இல் பிரான்ஸின் மிஷெலின் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நம் ஆட்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. டயரின் பக்கத்தில் ‘16 பி.ஆர்.’ என்று அச்சடித்திருக்கும். பதினாறு படுகை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது சுமை தாங்கும் வலிமைக்கான பழைய குறியீடு, அவ்வளவே. 16 பி.ஆர். ரேடியலின் பக்கச்சுவரில் இருப்பது ஒற்றை எஃகுப் படுகை. பட்டன் பக்கம் இரும்புக்கோட்டை, பக்கவாட்டில் ஒற்றைச் சுவர்: ரேடியலின் நன்மையும் தீமையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. காரைவிட லாரி டயரில் இயற்கை ரப்பர் அதிகம் சேர்ப்பார்கள். பாரத்தில் அது குறைவாகச் சூடாகும், எளிதில் கிழியாது. இயற்கை ரப்பர் நிக்கோபாரின் கச்சாலிலும் தமிழர் கையால் வடிக்கப்பட்டது. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாக இலங்கையிலிருந்து வந்த மலையகக் குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். 2004 சுனாமி கச்சாலைச் சிதைத்தது. டயரின் உழைப்பைப் பேசும்போது அந்தக் கைகளின் உழைப்பை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

பெருநிலத்தில் எது ஜெயித்தது என்பதில் சந்தேகமில்லை. 2000களின் தொடக்கத்தில் இந்திய லாரி, பஸ் டயர்களில் ரேடியல் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. 2010களின் இறுதியில் அது பாதியை எட்டியது. நாற்கரச் சாலை வந்தது, வேகம் கூடியது, ஓவர்லோடு கெடுபிடி வந்தது. நீண்ட தூரம் வேகமாக ஓடும் வண்டியில் ரேடியல் குறைவாகச் சூடாகிறது, பட்டன் மெதுவாகத் தேய்கிறது, டீசலும் மிச்சமாகிறது. நைலான் ஓடும் தூரத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஓடுவது நல்ல சாலையில் சாதாரணம். நாமக்கல்லிலிருந்து மும்பைக்கு ஓடும் வண்டிக்கு நைலான் போடு என்று இன்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் வேகத்தின் மேலும் தூரத்தின் மேலும் நிற்கிறது. அந்தமான் டிரங்க் ரோட்டில் இரண்டும் குறைவு. தெற்கே தலைநகரிலிருந்து வடக்கே டிக்லிப்பூர் வரை முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் மொத்த நீளம். ஜிர்காடாங்கைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினரின் காப்பகம். குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் வண்டிகள் போக வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது. அப்புறம் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும். நாற்பதில் ஊர்ந்து, நின்று, மறுபடி ஊரும் வண்டியில் நைலான் அவ்வளவாகச் சூடாவதில்லை. ரேடியலின் பெரிய பலம் இந்தச் சாலையில் பாதிக்குப் பாதி வேலையற்றுப் போகிறது. ஆனால் முழுவதும் போய்விடவில்லை. இந்தச் சாலையில் வளைவும் ஏற்ற இறக்கமும் அதிகம். ஒவ்வொரு வளைவிலும் நைலானின் பட்டன் நெளிந்து தேயும்; ரேடியலின் பட்டை அதைத் தடுக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை கொட்டும் ஊர் இது. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கின்றன. ஈரத் தாரில் தட்டையாகப் படியும் ரேடியல் நிச்சயமாக நன்றாகப் பிடிக்கும். இன்னொன்று: காப்பகத்துக்குள் பஞ்சர் ஆவது வேறெங்கும் பஞ்சர் ஆவதைவிட மோசமான சங்கதி. ஆணியோ கூர்கல்லோ பட்டன் பக்கமாக ஏறினால் ரேடியலின் எஃகுப் பட்டைகள் அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். டிரங்க் ரோட்டில் மட்டும் ஓடும் சரக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல்தான் சரி என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை.

கல் குவாரிக்குப் போகும் டிப்பருக்கு வாருங்கள், கதை திரும்புகிறது. குவாரிப் பாதையில் கல் டயரின் அடியில் குத்துவதைவிடப் பக்கத்தில் கிழிப்பதுதான் அதிகம். மழையில் உழுது போன தடத்துக்குள் சக்கரம் இறங்கும்; தடத்தின் இரு கரையிலும் உடைகல் விளிம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி முன்னும் பின்னும் அசையும்போது அவை பக்கச்சுவரைச் சீவும். நைலானில் ஒரு படுகை கிழிந்தால் உள்ளே இன்னும் பல படுகை இருக்கிறது. டிரைவர் அதைப் பார்த்து, ‘கேன்வாஸ் தெரியுது’ என்று சொல்லி, லோடை இறக்கிவிட்டுப் பட்டறைக்கு வரும் அளவுக்கு அவகாசம் கிடைக்கும். ரேடியலில் அந்த ஒற்றைப் படுகை அறுந்தால் அத்தோடு முடிந்தது. அதைவிடக் கொடுமை, பின்னாலிருக்கும் ஜோடி டயருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் கல். தேங்காய் அளவு கல் ஒன்று இரண்டு டயருக்கும் இடையே இறுகிவிடும். வண்டி ஓட ஓட அது இரண்டு பக்கச்சுவரையும் ஒரே சமயத்தில் அரைக்கும். குவாரியை விட்டு வெளியே வரும் இடத்தில் கிளீனர் இறங்கி, கடப்பாரையால் அதைக் கிளப்பிவிட்டுத்தான் தார்ச்சாலை ஏற வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவறாமல் செய்கிற வண்டியில் டயர் எந்த வகையானாலும் உழைக்கும். செய்யாத வண்டியில் ரேடியல் முதலில் போகும்.

உப்பைப் பற்றிப் பெருநிலத்து டயர் வியாபாரி பேசுவதே இல்லை. இங்கே அது பெரிய விஷயம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமானின் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்கள் கடலுக்குள் போயின. நிலம் தாழ்ந்த ஊரில் கடல்நீர் வண்டிப் பாதைக்கு இன்னும் அருகில் வந்துவிட்டது. ஜெட்டி சரிவிலும் ஃபெரி தளத்திலும் உப்புநீர் எப்போதும் தேங்கியிருக்கும். நைலான் இழை துருப்பிடிக்காது. ரேடியலின் எஃகு, ரப்பர் மூடியிருக்கும்வரை பத்திரமாக இருக்கும். ஒரு வெட்டு ஆழமாக விழுந்து எஃகு வெளியே தெரிந்துவிட்டால் உப்பு உள்ளே நுழைந்து, வெட்டிலிருந்து இரு பக்கமும் இழை நெடுகத் துரு ஓடும். வெளியே விரற்கடை நீளக் கீறல், உள்ளே அதைப்போல் பல மடங்கு அழுகல். ஆகவே ரேடியல் போட்டவர் சின்னக் கீறலையும் அன்றைக்கே கழுவி, காயவைத்து, ரப்பரால் அடைத்துவிட வேண்டும். ரிம்முக்கும் இது பொருந்தும். டயரின் விளிம்புக்குள் இருக்கும் கம்பி இரண்டு வகையிலும் எஃகுதான். துருவேறிய ரிம் அந்த விளிம்பை அறுத்து, டயரின் உடம்பான கேசிங்கையே பாழாக்கும். டயர் மாற்றும்போது ரிம்மைச் சுரண்டி வர்ணம் பூசிக்கொள்வது இந்த ஊரில் கட்டாயமான செலவு.

நல்ல டயர் என்றால் பனியிலும் ஓட வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. புதிதாக பிக்கப் வாங்கும் இளைஞர்கள் பக்கச்சுவரில் மூன்று முகட்டு மலையும் நடுவே பனித்துகளும் போட்ட குறியைத் தேடுகிறார்கள். அந்தக் குறி எதற்கு என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏறக்குறைய ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். பனிக்கான டயரில் குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பர் போடுவார்கள். பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அவற்றில் பனி அடைத்துக்கொள்ளும். பனியைப் பனி பிடிக்கும் என்பதால் அடைத்துக்கொள்வதே அங்கே பிடிமானம். இமயமலையின் சோஜி லா கணவாயில் ஏறும் லாரி அதற்கும் மேலே சங்கிலி சுற்றிக்கொண்டு போகும். அந்தமானின் செம்மண் சேற்றில் நிலைமை நேர் எதிர். இங்கே இடுக்கில் சேறு அடைத்துக்கொண்டால் டயர் மொட்டை டயராகிவிடும். அகன்ற இடைவெளி வைத்து, சுழலும்போதே சேற்றை வீசியெறியும் லக் பட்டன்தான் வேண்டும். வெப்பமானி இருபதுக்குக் கீழ் இறங்குவதே அரிதான தீவில் பனி ரப்பர் போட்டால் அது சீக்கிரம் தேய்ந்து தீரும். கொடுக்கும் கூடுதல் காசுக்கு நஷ்டம்தான் பலன். அதேபோல் லக் பட்டன் சேற்றில் எவ்வளவு நல்லதோ, ஈர இரும்பிலும் ஈரத் தாரிலும் அவ்வளவு பலவீனம். தரையைத் தொடும் ரப்பர் அதில் குறைவு. முன்சக்கரத்துக்கு நீளவாட்டுக் கோடு ஓடும் ரிப், பின்சக்கரத்துக்கு லக் என்று பழைய டிரைவர்கள் வகுத்த வழக்கம் இன்றும் சரியானது. சின்ன பிக்கப்புக்கு இரண்டுக்கும் நடுத்தரமான ஆல்-டெரெய்ன் பட்டன் போதும். மட்-டெரெய்ன் போட்டுக்கொண்டு ஊருக்குள் சுற்றுவது மழைநாளில் ஆபத்து.

இழுவைக்கு வருகிறேன். சாத்தத்தின் சரித்திரமே இழுவையின் சரித்திரம். வெட்டிய மரத்தைக் காட்டுக்குள் யானைகள் இழுத்தன. கரையிலிருந்து தெப்பமாகக் கட்டி நீரில் இழுத்து வந்தார்கள். படாக், குர்ஜன் மரங்கள் அப்படித்தான் இங்குள்ள அறுவை ஆலைக்கு வந்தன. பிறகு டிராக்டரும் லாரியும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. அந்தமான் காடுகளை ஆராய்ந்த ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையை அடுத்து 2002 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்த பின் ஆலைக்கு வரும் மரம் வெகுவாகக் குறைந்தது. காட்டுக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனாலும் தண்ணீர் டேங்கர், ஜெனரேட்டர், படகு, கட்டட இயந்திரம் என்று இழுத்துச் செல்ல வேண்டியவை தீவில் குறையவில்லை. இழுவையில் இரண்டு வகைச் சக்கரம் இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இழுக்கும் வண்டியின் பின் அச்சுச் சக்கரம் தரையைப் பற்றித் தள்ள வேண்டும். கொக்கியின் மேல் இறங்கும் பாரத்தையும் அதுதான் சுமக்க வேண்டும். பற்றித் தள்ளும் வேலையில் ரேடியலுக்கு ஈடில்லை. நைலான் அங்கே நெளிந்து பட்டனை இழக்கும். இழுபடும் டிரெய்லரின் சக்கரம் வேறு மாதிரி. அது எதையும் தள்ளுவதில்லை, சும்மா உருள்கிறது. ஆனால் குறுகிய இடத்தில் திரும்பும்போது பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. ஓரக்கல்லில் உரசுகிறது. வாரக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதற்கு விறைப்பான பக்கச்சுவருள்ள நைலானே பொருத்தம், விலையும் குறைவு. இழுக்கும் வண்டிக்கு ரேடியல், டிரெய்லருக்கு நைலான் என்பது என் துணிபு. ஒரே அச்சில் மட்டும் இரண்டையும் கலக்கவே கூடாது. வளைவில் ஒன்று வளையும், இன்னொன்று விறைக்கும். வண்டி எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதெல்லாம் காற்றைச் சரியாக வைத்திருப்பவருக்குத்தான். பழைய டிரைவர் காலையில் இரும்புக் கம்பியை எடுத்து டயர் டயராகத் தட்டிப் பார்ப்பார். சத்தத்தை வைத்தே காற்று சரியா குறைவா என்று சொல்லிவிடுவார். நைலானோடு வளர்ந்த காது அது. விறைத்த நைலான் கணீரென்று ஒலிக்கும், குறைந்தது மொத்தென்று கேட்கும். ரேடியலில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது, கண்ணும் ஏமாற்றும். முழுக் காற்று இருந்தாலும் ரேடியலின் பக்கம் கொஞ்சம் பிதுங்கித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அளவுக்கு மேல் அடைப்பவர்களும் உண்டு. நிஜமாகவே குறைந்திருக்கும்போது ‘ரேடியல் இப்படித்தான்’ என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டாவது வகைதான் கொலைகாரத் தவறு. கணக்கைப் பாருங்கள். 2018 ஜூலையில் திருத்திய விதிப்படி நான்கு டயர் உள்ள பின் அச்சு 11.5 டன் வரை ஏற்றலாம். ஒரு டயருக்கு 2,875 கிலோ. ஜோடியில் ஒன்று காற்றிழந்தால் அதன் துணை ஏறக்குறைய 5.75 டன்னைத் தனியே சுமக்கும். 10.00-20 அளவு டயர் தாங்க வடிவமைக்கப்பட்டது சுமார் மூன்று டன்னைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஜோடி நிமிர்ந்தே நிற்கும், உள்டயர் செத்திருப்பது தெரியாது. காற்றில்லாமல் ஓடிய ரேடியலின் பக்கச்சுவரில் எஃகு இழைகள் மடங்கி மடங்கி ஒவ்வொன்றாக அறுந்திருக்கும். அப்படிப்பட்ட டயருக்கு மறுபடி காற்றடிக்கும்போது பையின் ஜிப் திறப்பதுபோல் பக்கச்சுவர் ஒரே நீளத்துக்குப் பிளந்து வெடிக்கும். எதிரே குனிந்து நிற்பவர் பிழைப்பது கடினம். ஆகவே காற்றில்லாமல் ஓடிய ரேடியலுக்கு உடனே காற்றடிக்காதீர்கள். கழற்றி, உள்ளே விரலால் தடவிப் பார்த்து, இழை நொறுங்கிய இடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அடிக்கும்போது கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று அடியுங்கள். காற்றளக்கும் கேஜ் ஒன்றின் விலை, ஒரு டயர் விலையில் மிகச் சிறு பங்கு. அது இல்லாத லாரிக்காரர் ரேடியல் வாங்கக் கூடாது என்றே சொல்வேன்.

இனி என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். டயரின் உழைப்பைப் பெருநிலத்தில் கிலோமீட்டரால் அளக்கிறார்கள். தீவில் அந்த அளவுகோல் போதாது. அடிபட்ட டயரை இந்த ஊர்ப் பஞ்சர் கடையிலேயே எழுப்பி ஓட வைக்க முடியுமா என்பதுதான் இங்கே உழைப்பு. நைலான் அங்கே ஜெயிக்கிறது. டியூபும் பிளாப்பும் போட்ட நைலான் டயரை இரண்டு கடப்பாரையும் ஒரு சுத்தியலும் இருந்தால் ரோட்டோரத்திலேயே கழற்றலாம். வெட்டுப்பட்ட இடத்தில் உள்ளே கேன்வாஸ் ஒட்டு வைத்து, வல்கனைஸ் செய்து, மாலையில் ஓட்டலாம். ரேடியலுக்கு அதற்கென்றே செய்த ஒட்டு வேண்டும். அதன் இழை ஓடும் திசைக்கு நேராக வைத்தால்தான் பிடிக்கும். நைலானுக்கு வைக்கும் குறுக்குக் கேன்வாஸ் ஒட்டை ரேடியலின் பக்கச்சுவரில் வைத்தால் வளையும் இடத்தில் விறைப்பு உண்டாகி, ஒட்டின் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். விளிம்பருகே விழுந்த வெட்டை எந்த ஒட்டும் காப்பாற்றாது. இந்த வேலையைப் படித்த ஆளும் சரியான ஒட்டும் கடையில் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். இருந்தால் ரேடியலுக்கு எதிரான என் வாதத்தில் பாதி விழுந்துவிடும். தீவு நிர்வாகமோ லாரி உரிமையாளர் சங்கங்களோ டயர் நிறுவனங்களோ பஞ்சர் கடைப் பையன்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் எத்தனை கேசிங் பிழைக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆதங்கமாகத்தான் இருக்கிறது.

ரீட்ரெடிங் விஷயத்தில் ரேடியலுக்கு நியாயம் செய்ய வேண்டும். பட்டன் தேய்ந்தாலும் கேசிங் காயமில்லாமல் இருந்தால், ரேடியலை இரண்டு தடவைகூடப் புதுப் பட்டன் ஒட்டி ஓட்டலாம். நைலான் கேசிங் சூட்டிலும் பாரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு வடிவிழந்துவிடும். ஆனால் ரீட்ரெடிங்குக்கு அனுப்ப வேண்டுமானால் கேன்வாஸ் தெரிவதற்கு வெகு முன்பே கழற்றிவிட வேண்டும். சட்டப்படி லாரி டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருந்தாக வேண்டும். மழை ஊரில் மூன்று மில்லிமீட்டரிலேயே கழற்றுவது நல்லது. கேசிங்கும் பிழைக்கும், வளைவில் உயிரும் பிழைக்கும். கடைசிச் சொட்டு ரப்பர்வரை ஓட்டியே தீருவேன் என்பவருக்கு ரீட்ரெடிங் இல்லை, ரேடியலின் லாபமும் இல்லை.

ஆக, ஒரே டிப்பர் வைத்திருப்பவர், அது நாளெல்லாம் குவாரிக்கும் கட்டட வேலைக்கும்தான் போகிறது என்றால், நைலானே போடட்டும்; பின்னால் லக், முன்னால் ரிப். வெட்கப்பட ஒன்றுமில்லை, பழைய காலத்து டயர் என்று யார் சொன்னாலும் காது கொடுக்க வேண்டாம். டிரங்க் ரோட்டில் ரங்கத், மாயாபந்தர் என்று சரக்கேற்றி ஓடுபவர் ரேடியலுக்கு மாறட்டும். ஆனால் ஆறு டயரையும் ஒரேயடியாக மாற்றட்டும், கேஜும் வாங்கட்டும். இரண்டு வேலைக்கும் போகும் வண்டிக்குத்தான் சிக்கல். அதற்கு முன் அச்சில் நைலானும் பின்னால் ரேடியலும் என்று கலக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அச்சுக்கு ஒரு வகை என்ற விதியை அது மீறவில்லை. ஆனாலும் ஸ்டெப்னி எந்த வகை என்ற கேள்வியில் போய் முட்டும். பின் ஜோடியில் ஒன்று போய்விட்டால் நைலான் ஸ்டெப்னியை ரேடியலுக்குப் பக்கத்தில் மாட்ட நேரும். உயரம் ஒத்துவராது, உயரமான டயரே பாரம் முழுவதையும் சுமக்கும். இரண்டுக்கும் ஸ்டெப்னி வைத்துக்கொள்ள இடமிருந்தால் கலக்கலாம், இல்லாவிட்டால் வண்டியின் மோசமான பாதை எதுவோ அதற்குப் பொருந்துவதை ஆறிலும் போடுவதே உசிதம்.

வாங்கும்போது கடைசியாக ஒன்றைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது என்று பொருள். கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடையில் தூங்கிய டயருக்கு ரப்பர் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். தீவில் பல வண்டிகள் ஆண்டுக்கு ஓடும் தூரம் குறைவு. பட்டன் தேய்வதற்கு முன்பே வெயிலிலும் காற்றிலும் ரப்பர் வெடித்துப் பக்கச்சுவரில் மயிர்க்கோடுகள் விழுந்துவிடும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் ரேடியலை வாங்கிப் பயனில்லை. வயதாகிச் சாகும் டயருக்கு அதிக விலை எதற்கு? பழைய தேதி போட்ட டயரைக் கடைக்காரர் தள்ளுபடியில் கொடுத்தால், வருடத்தைக் கணக்குப் பார்த்து வாங்குங்கள். தேதி அழிந்திருந்தால் அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.